சொத்து விபரம் இனி இணையத்தில்: யாழ்ப்பாண உள்ளூராட்சி மன்றத்தாருக்கு அடிக்கடி எழும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் மாநகர சபை 1, நகர சபை 3, பிரதேச சபை 13. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பிறகு இந்த 17 சபைகளிலும் புதுமுகங்கள் நிறைய. ஆண்டுதோறும் சொத்து விபரம் கொடுக்க வேண்டும், அதுவும் இணைய வழிக்கு மாறுகிறது என்பது பலருக்குச் சபைக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது. உறுப்பினர்கள், செயலாளர்கள், அப்புறம் வாக்களித்த சனம் வழக்கமாகக் கேட்கிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கணினியில் படிவம் நிரப்புவது பெரிய வித்தையில்லை. எங்கள் ஊர்க் காணி, சீதனம், வெளிநாட்டுக் காசு எல்லாவற்றையும் அந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள் கொண்டுவருவதுதான் பாடு. அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது?

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அந்தப் பழைய சட்டப்படி விபரம் கொடுக்காதவருக்கு 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 1975இல் ஆயிரம் ரூபாய் பெரிய காசு. சட்டம் நீக்கப்பட்ட காலத்தில் அது கடையில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் காசு. யார் பயப்படுவார்கள்?

பழைய முறையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அமைச்சர்கள் ஜனாதிபதியிடம், பாராளுமன்ற உறுப்பினர்கள் சபாநாயகரிடம், மற்றவர்கள் தத்தம் மேலிடத்தில் என்று ஆளுக்கொரு அலுமாரியில் கடித உறைகள் கிடந்தன. போன வருட உறையையும் இந்த வருட உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருமில்லை. இப்போது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுதான் மத்திய அதிகாரம். மின்னணு முறை ஒன்றை அமைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

யார் யார் கொடுக்க வேண்டும்?

உள்ளூராட்சி மன்றங்களைப் பொறுத்தவரை இரண்டு வகையினர். ஒன்று, தெரிவுசெய்யப்பட்ட எல்லாரும்: முதல்வர், தவிசாளர், பிரதி முதல்வர், உப தவிசாளர், உறுப்பினர்கள். மற்றது, பதவிநிலை உத்தியோகத்தர்கள்: மாநகர ஆணையாளர், செயலாளர், பொறியியலாளர், கணக்காளர் போன்றோர். நீங்கள் பதவிநிலையா இல்லையா என்பதில் சந்தேகம் இருந்தால் நிருவாகக் கிளையில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோவையில் போட்டு வையுங்கள்.

நான் சாதாரண உறுப்பினர். சம்பளமே இல்லை, மாதாந்தக் கொடுப்பனவு மட்டும்தான். எனக்கும் இது தேவையா?

ஆம். சட்டம் பார்ப்பது உங்கள் வருமானத்தின் அளவை அல்ல, கையிலிருக்கும் அதிகாரத்தை. வீதிக்குக் கொங்கிறீட் போடுகிற ஒப்பந்தம், சந்தைக் குத்தகை, கட்டட அனுமதி, கடைத்தொகுதி ஒதுக்கீடு எல்லாம் சபையில் கை உயர்த்தித்தான் போகின்றன. அந்தக் கை உங்களுடையது.

எப்போது கொடுக்க வேண்டும்?

பதவிக்கு வந்தவுடன் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 31ஆம் திகதி இருந்த நிலைமையை ஜூன் 30க்குள்.

இந்த மார்ச் 31 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏப்ரலில் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு மே மாதம் படிவம் நிரப்புகிறவர், ‘இப்போது என்னிடம் இல்லையே’ என்று அதை விட்டுவிடுகிறார். மார்ச் 31இல் இருந்தால் அது போக வேண்டும். வங்கி மீதியும் அப்படித்தான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய் மார்ச் 31இன் மீதியைக் காட்டும் கூற்றை எடுத்து வைத்தால் ஜூன் கடைசியில் ஓடத் தேவையில்லை.

வேட்புமனுக் காலத்தில் சொத்து விபரம் கொடுத்தேனே. அது போதாதா?

போதாது. வேட்பாளராகக் கொடுத்தது வேறு, உறுப்பினராகக் கொடுப்பது வேறு. ஆனால் அந்தப் பழைய பிரதியைத் தேடி எடுங்கள். இரண்டிலும் ஒரே காணிக்கு இரண்டு அளவு இருந்தால் கேள்வி வரும்.

தேர்தல் செலவு அறிக்கையோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கொடுத்தது. தோற்றவர்களும் கொடுத்தார்கள்.

காகிதத்தில் கொடுப்பதற்கும் இணையத்தில் கொடுப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

கொடுப்பவருக்குப் பார்த்தால் வித்தியாசம் சிறியது. உறை, முத்திரை, பதிவுத் தபால் இல்லை. நெடுந்தீவு உறுப்பினர் ஒருவர் கடிதத்தோடு குறிகட்டுவானுக்குப் படகேறத் தேவையில்லை.

வாங்குபவருக்குத்தான் வித்தியாசம் பெரிது. கையெழுத்துப் படிவத்தில் ‘கோப்பாயில் தோட்டக்காணி’ என்று எழுதினால் அது அப்படியே கிடக்கும். மின்னணுப் படிவத்தில் எழுதினால் அது தேடக்கூடிய தரவு. சென்ற ஆண்டு இருந்த காணி இந்த ஆண்டு எங்கே போனது, கடன் இல்லாமல் வாகனம் எப்படி வந்தது என்பதையெல்லாம் சில நிமிடத்தில் ஒப்பிடலாம். ஜோர்ஜியா 2010இலும் உக்ரைன் 2016இலும் இணைய வழிக்கு மாறியது இதற்காகத்தான். ஒரு வருட விபரம் தனியே பெரிதாக ஒன்றும் சொல்லாது. மூன்று நான்கு வருடம் வரிசையாக நிற்கும்போதுதான் கதை தெரியும். ஆகவே கொடுப்பவரும் அப்படியே யோசிக்க வேண்டும்: இந்த ஆண்டு எப்படி எழுதுகிறீர்களோ அதே அளவு, அதே பெயர், அதே உறுதி இலக்கம் அடுத்த ஆண்டும் வர வேண்டும். நேர்மையான ஆள்கூடத் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்த ஆண்டுக்கு எந்த வழி என்பதை உங்கள் சபைக்கு வரும் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வட்ஸ்அப் குழுவில் சுற்றுகிற செய்தியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தமிழில் நிரப்பலாமா?

மூன்று மொழியிலும் கொடுக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு தொழில்நுட்பத் தலையிடி எங்கள் கந்தோர்களுக்கே உரியது. பல சபைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு நடக்கிறது. பாமினியில் அடித்து வைத்த விபரத்தை இணையப் படிவத்தில் கொப்பி செய்து ஒட்டினால் ‘யாழ்ப்பாணம்’ என்பது புரியாத ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த ஒன்றாக விழும். யூனிகோட்டில் நேரே அடியுங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். கைபேசியில் தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

அடையாள அட்டையில் ஒரு பெயர், உறுதியில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர். எதை எழுதுவது?

அடையாள அட்டையில் உள்ளதையே எல்லா ஆண்டும் எழுதுங்கள். உறுதியில் வேறு எழுத்து வந்தால் அந்தக் காணியின் குறிப்பில் ‘உறுதியில் இன்னபடி பெயர் உள்ளது’ என்று ஒரு வரி சேர்த்தால் சரி.

இலக்கத்திலும் கவனம் வேண்டும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிறகு வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரு வருடம் பழையதையும் மறு வருடம் புதியதையும் கொடுத்தால் ஒப்பிடுகிறவருக்கு நீங்கள் இரண்டு ஆட்கள்.

உறுதியில் லாச்சம், குழி என்று இருக்கிறது. படிவத்தில் பேர்ச், ஏக்கர் கேட்கிறார்கள். என்ன செய்வது?

உறுதியை எடுத்து முதலில் ‘வரகுக் கலாச்சாரம்’ என்று இருக்கிறதா, ‘நெற் கலாச்சாரம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் காணியை அளக்கும் பழைய முறைகள். வரகுக் கலாச்சாரம் என்றால் 18 குழி ஒரு லாச்சம், ஒரு லாச்சம் 10 பேர்ச், 16 லாச்சம் ஓர் ஏக்கர். நெற் கலாச்சாரம் என்றால் கணக்கு வேறு. நில அளவையாளர் வரைபடம் இருந்தால் அதில் உள்ள அளவை எழுதுவதே புத்தி.

ஒரு வரியை எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். கோப்பாயில் ஒருவருக்கு வீடும் வளவும் இருக்கிறது, வரகுக் கலாச்சாரத்தில் 4 லாச்சம் 9 குழி. ‘கோப்பாயில் வீடும் காணியும்’ என்று எழுதினால் அது விபரமே இல்லை. கிராமமும் காணியின் பெயரும், 4 லாச்சம் 9 குழி அதாவது 45 பேர்ச் என்ற அளவு, உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர், எப்படிக் கிடைத்தது (தகப்பனின் நன்கொடை), வீட்டைக் கட்டியது எப்போது, எந்தக் காசில் (வங்கிக் கடன் இவ்வளவு, சேமிப்பு இவ்வளவு) என்று எழுத வேண்டும். முதல் வருடம் இதற்கு ஒரு பின்னேரம் போகும். அடுத்த வருடம் பத்து நிமிடம்.

மனைவியின் சீதனக் காணியையும் காட்ட வேண்டுமா? அது என்னுடையது இல்லையே.

காட்ட வேண்டும். படிவம் உங்கள் சொத்தை மட்டும் கேட்பதில்லை. வாழ்க்கைத்துணையின் சொத்தையும் உங்களில் தங்கி வாழும் பிள்ளைகளின் சொத்தையும், நாட்டுக்கு உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் கேட்கிறது. ஆனால் எது யாருடையது என்று பிரித்து எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இங்கேதான் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், குறுக்கே வருகிறது. எங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி சீதனம் மனைவியின் தனிச்சொத்து. அவர் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது உண்மை. அதற்காக அது கணவனின் சொத்தாகிவிடாது. (இந்தச் சம்மத விதி இன்னும் இருப்பது சரியா என்பது வேறு விவாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை.) முதுசொம்மும் (பெற்றோர், முன்னோர் வழியாக வந்த சொத்து) அப்படியே, யாருக்கு வந்ததோ அவருடைய தனிச்சொத்து.

தேடிய தேட்டம் வேறு மாதிரி. கலியாணத்துக்குப் பிறகு உழைத்த காசில் வாங்கிய காணி, கணவனின் பெயரில் மட்டும் உறுதி முடிந்திருந்தாலும் இருவருக்கும் சமபங்கு என்பதே அடிப்படை. ஆகவே அதை ‘என்னுடையது’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர வேண்டாம். ‘உறுதி என் பெயரில், தேடிய தேட்டம், துணைவிக்கும் பங்குண்டு’ என்று எழுதுங்கள். பெண் உறுப்பினர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கணவன் பெயரில் வாங்கியதில் தங்களுக்குப் பங்கு இருப்பதையே பலர் யோசிப்பதில்லை, படிவத்திலும் விட்டுவிடுகிறார்கள்.

அம்மா பெயரில் இருக்கிற வீட்டில்தான் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். அதைப் போடுவதா?

அம்மா உயிரோடு இருந்து உறுதி அவர் பெயரிலேயே இருந்தால் அது அவருடைய சொத்து. நீங்கள் குடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வசிக்கும் முகவரியாக அது படிவத்தில் வரும்.

அம்மா உங்களுக்கு நன்கொடை உறுதி எழுதி, சீவிய உரித்தைத் தனக்கு வைத்திருந்தால் கதை மாறும். உரிமை உங்களுக்கு வந்துவிட்டது, அனுபவிக்கும் உரித்து அவரிடம் இருக்கிறது. எழுத வேண்டும், சீவிய உரித்தையும் குறிப்பிட வேண்டும்.

தகப்பன் உறுதி எழுதாமலே காலமாகி, ஐந்து பிள்ளைகளுக்கும் பிரிபடாமல் கிடக்கிற காணி? உங்கள் பங்கை எழுதுங்கள்: ‘பிரிபடாத ஐந்தில் ஒரு பங்கு’. அம்மா உயிரோடு இருந்தால் அவருடைய பங்கு கழிந்த பிறகுதான் இந்தக் கணக்கு வரும், அதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘இன்னும் பிரிக்கவில்லை, ஆகவே எனக்கில்லை’ என்று நினைப்பதுதான் எங்கள் பக்கத்தில் ஆகக்கூடிய தவறு.

எங்கள் காணி வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருக்கிறது. 1990க்குப் பிறகு கண்ணாலும் காணவில்லை. அதை எழுதுவதா?

எழுதுங்கள். காணியை ஒருவர் பிடித்து வைத்திருப்பதால் உங்கள் உரிமை போய்விடாது. ‘பாதுகாப்புத் தரப்பின் வசம், விடுவிக்கப்படவில்லை’ என்று குறிப்பு எழுதுங்கள். பெறுமதிக் கட்டத்தில் உறுதியில் உள்ள தொகையைப் போடலாம். இப்படி எழுதி வைப்பது உங்களுக்கே நல்லது. நாளைக்கு அந்தக் காணி விடுபட்டு நல்ல விலைக்குப் போனால், ‘திடீரென்று எங்கிருந்து காணி வந்தது’ என்ற கேள்விக்குப் பழைய படிவமே பதில் சொல்லும்.

1995 இடப்பெயர்வில் உறுதி தொலைந்துவிட்டது.

யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். காணியின் பெயர், கிராமம், உறுதி எழுதிய ஆள், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் கொண்டு போங்கள். ஜூன் மாதம் தொடங்கினால் பிந்திவிடும்.

கனடாவில் இருக்கிற அண்ணா காசு அனுப்பி, என் பெயரில் காணி வாங்கியிருக்கிறார். உண்மையில் அது அவருடையது.

உறுதி உங்கள் பெயரில் இருந்தால் படிவத்தில் வர வேண்டும், இரண்டாம் பேச்சில்லை. வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் ‘வெளிநாட்டில் வசிக்கும் சகோதரர் அனுப்பியது’ என்று எழுதி, வங்கி வழியாக வந்த பணத்தின் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆள் மூலம் கைமாறி) வந்த காசு என்றால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சனம் காலங்காலமாகச் செய்கிற வேலைதான், ஆனால் பதவியில் இருக்கிற ஆளுக்கு இது வினையாக முடியும். பதவிக் காலம் முடியும்வரை அண்ணாவை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

அண்ணா பெயரிலேயே உறுதி இருந்து, உங்களிடம் அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) மட்டும் இருந்தால் அது உங்கள் சொத்தல்ல. ஆனால் அந்தக் காணியின் வாடகை உங்கள் கணக்கில் விழுந்தால் அதற்கு விளக்கம் வேண்டும். அவருக்கென்று தனிக் கணக்கு இருப்பது நல்லது.

நகையை எப்படிக் காட்டுவது? தாலிக்கொடியையும் நிறுக்கச் சொல்வார்களா?

யாரும் வந்து நிறுக்கப் போவதில்லை. கையிலிருக்கும் நகையைப் பவுண் கணக்கில், யாருடையது, எப்படி வந்தது என்று எழுதினால் போதும்: கலியாணத்துக்குப் பெற்றோர் போட்டது, பிள்ளையின் சாமத்தியத்துக்கு வந்தது, பிறகு வாங்கியது. அடகு வைத்திருந்தால் நகை சொத்துப் பக்கத்தில் வரும், அடகுக் கடன் பொறுப்புப் பக்கத்தில் வரும். ‘அடகில்தானே இருக்கிறது’ என்று இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

சீட்டும் இதே மாதிரி. இன்னும் எடுக்காத சீட்டுக்குக் கட்டிய காசு உங்கள் சொத்து. எடுத்துவிட்ட சீட்டுக்கு இனிக் கட்ட வேண்டியது உங்கள் கடன்.

கடனையும் எழுத வேண்டுமா? வெட்கமாக இருக்கிறதே.

கடனை எழுதாவிட்டால்தான் ஆபத்து. 40 இலட்சத்துக்கு வீடு கட்டியவர் 30 இலட்சம் வங்கிக் கடனை மறைத்தால், அந்த 30 இலட்சம் வானத்திலிருந்து விழுந்ததாகத்தான் தெரியும். ஒற்றிக்குக் கொடுத்த காசு, ஒற்றிக்கு வாங்கிய காசு, வாகன லீசிங், கைமாற்று எல்லாம் வரட்டும்.

நான் கோயில் தர்மகர்த்தா. கோயில் காணி?

உங்கள் சொத்தல்ல. ஆனால் கோயில் காசு உங்கள் சொந்தக் கணக்கில் கிடந்தால் அது உங்கள் காசாகத்தான் தெரியும். முதலில் கணக்கைப் பிரியுங்கள், பிறகு படிவத்தைத் திறவுங்கள்.

மனிசியும் அரசாங்கத்தில் பதவிநிலை உத்தியோகத்தர். ஒருவர் கொடுத்தால் போதுமா?

போதாது. இருவரும் தனித்தனியே கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று அனுப்புவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கணினி பழக்கமில்லை. கொமினிகேசனில் கொடுத்து நிரப்பலாமா?

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற கடையில் குடும்பத்தின் முழுச் சொத்தையும் திறந்து வைப்பது நல்ல யோசனையில்லை. கடைக்காரப் பெடியன் நல்லவனாக இருக்கலாம். அந்தக் கணினியை உங்களுக்குப் பிறகு பாவிப்பவர் யாரென்று அவனுக்கும் தெரியாது.

விபரங்களை முதலில் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டு, மகனோ மகளோ நம்பிக்கையான ஒருவரோ பக்கத்தில் இருந்து சொல்லித்தர, வீட்டுக் கணினியிலோ கைபேசியிலோ நீங்களே நிரப்புங்கள். மின்னஞ்சலும் கைபேசி இலக்கமும் உங்களுடைய சொந்தமாக இருக்கட்டும். சபையின் பொது மின்னஞ்சலைக் கொடுத்தால், நாளைக்கு இடமாற்றம் வந்தாலோ பதவி போனாலோ கணக்கும் போய்விடும். கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியீட்டையும் சபை எழுதுவினைஞர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கேட்பவர் உதவி செய்யத்தான் கேட்பார், ஆனால் படிவத்துக்குப் பொறுப்பு நீங்கள். ‘சொத்து விபரத்தைப் புதுப்பிக்க இதை அழுத்துங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். அரச இணையத்தள முகவரி ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடிகிறதா என்று பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும்.

அனுப்பியதும் பிரதியையும் கிடைத்ததற்கான அத்தாட்சியையும் சேமித்து, ஒரு பிறிண்ட் எடுத்து உறுதிகளோடு வையுங்கள். ஜூன் 30 இரவு பதினொரு மணிக்கு உட்கார வேண்டாம். அன்றைக்கு நாடு முழுக்க அந்தத் தளத்தில்தான் நிற்கும்.

அனுப்பிய பிறகு ஒரு காணி விடுபட்டது தெரிந்தது.

கண்டவுடனேயே ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் சொன்னால் அது விடுபட்டது. அவர்களாகக் கண்டுபிடித்தால் அது மறைத்தது.

கொடுக்காவிட்டால், பொய் சொன்னால் என்ன நடக்கும்?

பிந்தினால் தண்டம், கொடுக்காமல் விடுவதும் தெரிந்து பொய் சொல்வதும் குற்றம். அதற்கு மேல் ஒரு பெரிய விடயம் இருக்கிறது: வருமானத்துக்குப் பொருந்தாத சொத்தைச் சேர்ப்பது தனிக் குற்றம். அங்கே இந்தப் படிவம்தான் முதற் சாட்சி. 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குற்றச் செயல்களின் வரும்படிகள் சட்டமும் இப்போது வந்திருக்கிறது. கெட்ட வழியில் வந்த சொத்தையே பறிக்க அது வழிசெய்கிறது.

நான் ஒரு வாக்காளர். எங்கள் தவிசாளரின் விபரத்தை நான் பார்க்கலாமா?

பழைய சட்டத்தில் 1988 திருத்தத்துக்குப் பிறகு கட்டணம் கட்டிக் கேட்கலாம், ஆனால் கண்டதை வெளியில் சொல்ல முடியாது. கதவைத் திறந்து, வாயைக் கட்டிய ஏற்பாடு. அந்தக் காலத்திலும் 2019இல் சில பாராளுமன்ற உறுப்பினர்கள் தாங்களாகவே வெளியிட்டார்கள். அன்றைய யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம். ஏ. சுமந்திரனும் அவர்களில் ஒருவர்.

2023 சட்டம் தனிப்பட்ட அடையாள விபரங்களை மறைத்துவிட்டு மற்றதைப் பொதுமக்கள் பார்க்க வழிசெய்கிறது. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை மதிப்பீட்டு அறிக்கையும் உயர் பதவியில் இருப்போரின் விபரங்களை இணையத்தில் போடச் சொன்னது. 2025இல் அமைச்சர்களின் விபரங்கள் ஆணைக்குழுவின் தளத்தில் வந்தபோது தேநீர்க் கடை வரை அதுதான் பேச்சு.

உங்கள் சபையைப் பற்றி அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்தால் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். ‘சொத்து விபரம் கொடுத்த உறுப்பினர்கள் யார் யார்’ என்ற கேள்வியில் தொடங்குங்கள். பாராளுமன்றத்திடம் இதே கேள்வியை ஒரு ஊடகவியலாளர் கேட்டார், பாராளுமன்றம் மறுத்தது, கடைசியில் 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெயர்களைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது.

கரைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதெல்லாம் பழைய கதை. 2003இலிருந்து அங்கே வேட்பாளர் எல்லாரும் சொத்துப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள், தேர்தல் ஆணையம் அதை அப்படியே இணையத்தில் போடுகிறது. யார் எந்தக் கார் வைத்திருக்கிறார், எத்தனை பவுண் என்று நாங்களே இங்கிருந்து வாசிக்கிறோம். எங்கள் சொந்தச் சபை உறுப்பினரைப் பற்றித்தான் தெரியாமல் இருந்தோம்.

இதெல்லாம் வெளியில் வந்தால் கள்ளருக்கு வழி காட்டுவதாகாதா?

நியாயமான பயம். அதனால்தான் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், வீட்டு முகவரி போன்றவை மறைக்கப்படுகின்றன. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் சிலருக்குக் கள்ளரை விட அயலவர்தான் பயம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருவரின் விபரம் பொய் என்று எனக்குத் தெரியும். எங்கே சொல்வது?

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் துரித இலக்கம் 1954. எழுத்திலும் கொடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். ‘அவர் ஊரைக் கொள்ளையடிக்கிறார்’ என்று இரண்டு பக்கம் எழுதுவதால் பயனில்லை. எந்தக் காணி, எந்த ஒழுங்கை, ஏறத்தாழ எந்த மாதம் வாங்கியது, யாருடைய பெயரில், வாகனம் என்றால் அதன் இலக்கம் என்று நாலு வரி போதும். வதந்தியையும் நீங்கள் நேரில் கண்டதையும் பிரித்து எழுதுங்கள். முறைப்பாட்டின் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு, பதிவுத் தபால் சிட்டையை அதில் குத்தி வையுங்கள்.